புதுக் கணினி வாங்கும் முன் டிஸ்கைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது என்று புலம்புகிறவர்களுக்கு, ‘ப்ராசஸர் பழசாகிவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள்’ என்ற அறிவுரைதான் முதலில் கிடைக்கிறது. பல வீடுகளில் இது வீண் செலவு. கணினி எதற்காகக் காத்து நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறும் நேரத்தில் அதில் ‘டிஸ்க்’ 100 சதவீதத்தில் நின்று, சிபியு 20, 30 சதவீதத்தில் இருந்தால் குற்றவாளி ஹார்டு டிஸ்க்தான். அப்போது படிக்கும் வேகத்தையும் கவனியுங்கள். நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி மட்டுமே இருக்கும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுக்கிறது. வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வர சராசரியாகப் பாதிச் சுற்று, ஊசி நகர மேலும் 9 மில்லி நொடி. ஆக, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளில் நொடிக்கு எழுபது, எண்பதுக்கு மேல் படிக்க முடியாது. சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் இதே வேலைக்கு 0.1 மில்லி நொடி போதும். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் பத்து வருடக் கணினிக்கும் உயிர் வருவது இதனால்தான்.

பெட்டியில் பெரிதாக அச்சிடும் வேகம் வேறு கணக்கு. எஸ்எஸ்டியைக் கணினியோடு இணைக்கும் முறை இரண்டு: பழைய சாட்டா, புதிய என்விஎம்இ. சாட்டா எஸ்எஸ்டியில் நொடிக்கு 550 எம்பி, என்விஎம்இயில் 3500, 7000 என்று போட்டிருப்பது ஒரே பெரிய கோப்பை வரிசையாகப் படிக்கும் வேகம். வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு அது உதவும். விண்டோஸ் திறக்கவும் பிரவுசர் திறக்கவும் சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. மதர்போர்டில் சாட்டாவின் முந்தைய பதிப்பான சாட்டா 2 இருந்தால் வேகம் 280 எம்பி அளவில் நின்றுவிடும். ஆனாலும் அந்த 0.1 மில்லி நொடி மாறாது. அதற்காகக் கணினியையே ஒதுக்க வேண்டாம்.

அதிகம் ஏமாறும் இடம் எம்.2. இது மதர்போர்டில் நேராகச் செருகும் சின்ன அட்டை வடிவத்தின் பெயர், அவ்வளவுதான். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே சாட்டாவும் இருக்கலாம், என்விஎம்இயும் இருக்கலாம். சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ தெரியவே தெரியாது. மதர்போர்டு கையேட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். அடாப்டர் கார்டு போட்டு என்விஎம்இயைச் செருகினாலும், மிகப் பழைய பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) அதிலிருந்து பூட் செய்யாது, அதாவது விண்டோஸைத் திறக்காது. அத்தகைய கணினிக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான் சரி.

பெட்டியில் சொல்லாமல் விடுவது இன்னொன்று. விலை மலிந்த க்யூஎல்சி வகை எஸ்எஸ்டி, தகவல் பதியும் சின்ன அறையான ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கிறது. முதல் சில ஜிபி வேகமாக எழுதும். அந்த வேகத்தைத் தரும் தற்காலிக இடமான கேஷ் நிரம்பியதும் ஹார்டு டிஸ்கை விடவும் மெதுவாகிவிடக்கூடும். விண்டோஸ் இருக்கப்போகும் டிரைவ் என்றால், செல்லுக்கு மூன்று பிட் மட்டும் வைக்கும் டிஎல்சி கேளுங்கள். ஆயுளைப் பற்றிய பயம் மட்டும் தேவையற்றது: 600 டிபிடபிள்யூ (மொத்தம் 600 டிபி வரை எழுதலாம் என்ற கணக்கு) என்று குறித்த 1 டிபி டிரைவில் தினம் 30 ஜிபி எழுதினாலும் அந்தக் கணக்கு தீர ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்கு வெகு முன்பே டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப் பழுதாகிப் போகலாம், அதனால் பேக்கப் வேண்டும். ஹார்டு டிஸ்கிலும் எஸ்எம்ஆர் என்ற வகையைச் சொல்லாமலே விற்றது 2020இல் வெளிவந்தது. அதில் தடங்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், தொடர்ந்து எழுதினால் திணறும். எப்போதாவது பேக்கப் எடுக்கப் போதும். நெட்வொர்க்கில் பலரும் பகிரும் நாஸ் சேமிப்புப் பெட்டிக்கு வாங்கக்கூடாது.

மாற்றும் முன், பழைய டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பாருங்கள். டிஸ்கில் கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 5, 197, 198 என்ற எண்களின் மூல மதிப்பு (Raw) பூஜ்யமாக இருக்க வேண்டும். 197 ஏறியிருந்தால் குளோன் (டிஸ்க் முழுவதையும் புதியதில் அப்படியே பிரதியெடுப்பது) செய்யத் தொடங்காமல், முக்கியக் கோப்புகளை உடனே வெளியே எடுத்துவிடுங்கள்; குளோன் ஓடும்போதே டிஸ்க் முழுதாகப் போய்விடுவதுண்டு. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இருந்தால் ரிகவரி கீயை வேறிடத்தில் எழுதி வைத்துவிட்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். குளோன் முடிந்ததும் பழைய டிஸ்கைக் கழற்றிய பிறகே முதல் முறை பூட் செய்யுங்கள், இரண்டும் இருந்தால் எதிலிருந்து திறந்தது என்றே தெரியாது. பயாஸில் டிஸ்கோடு பேசும் முறை ஏற்கெனவே பழைய ஐடிஇ என்று இருந்தால், விண்டோஸில் ஏஎச்சிஐ டிரைவரைத் தயார் செய்யாமல் அதைப் புதிய ஏஎச்சிஐ முறைக்கு மாற்றாதீர்கள், நீலத்திரை வரும். பழைய டிஸ்கை இரண்டு வாரமாவது அழிக்காமல் வையுங்கள். எஸ்எஸ்டியில் அழித்ததை ட்ரிம் கட்டளை துடைத்துவிடுவதால், மீட்பு மென்பொருளை நம்ப முடியாது.

செலவை எங்கே நிறுத்துவது? ராம் 4 ஜிபி மட்டும், அதுவும் போர்டிலேயே சால்டர் செய்து மாற்ற முடியாதது என்றால் எஸ்எஸ்டி போட்டும் பாதிப் பலன்தான். பழைய தலைமுறையான டிடிஆர்3 ராம் அடுத்த கணினிக்கு உதவாது, செருகும் விளிம்பில் உள்ள பள்ளமே வேறிடத்தில் இருக்கும். எனவே அதில் 8 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியைக் கழற்றி எடுத்துப் போகலாம், அதனால் முதல் செலவு அதற்கே. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையாவதும் கேட்கிறது. அதற்குக் கீழே உள்ள கணினியில் லினக்ஸ் போட மனமிருந்தால் எஸ்எஸ்டி வாங்குங்கள். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் அந்தக் கணினிக்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

கழற்றிய ஹார்டு டிஸ்கில் அந்த மூன்று எண்களும் பூஜ்யமாக இருந்தால், யுஎஸ்பி பெட்டியில் போட்டுப் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். மின்சாரமின்றி மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்க எஸ்எஸ்டியை விட அதுவே ஏற்றது. டிரைவ்களைப் பற்றித் தங்கள் இதழில் எழுதும்போது வேகத்தோடு செல் வகை, டிபிடபிள்யூ, எஸ்எம்ஆரா இல்லையா என்பதையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்குநர் ஒருவர்