தளம் போட்டாச்சு, அப்பாவைக் கூட்டிட்டு வந்தியா?

மாப்ளே,

நீ அனுப்பின போட்டோ எல்லாம் பார்த்தேன். தளம் போட்டு, மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி வைத்திருக்கிறாயே, அந்த ஒரு படத்தை மட்டும் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரில் பக்கத்து வீட்டு வேப்பமரம் தெரிகிறது, மூலையில் உன் செருப்பு கிடக்கிறது. உடனே பதில் போட்டிருக்க வேண்டும். ஆனால் நீ கூடவே, 'சமீபத்தில் என்ன படம் பார்த்தே, நல்லதா நாலு சொல்லு, ராத்திரி கம்பிக்கும் சிமெண்ட்டுக்கும் காவலாப் படுக்கிறப்ப போன்ல பார்க்கிறேன்' என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒழுங்காக உட்கார்ந்து எழுதணும் என்று நினைத்து நினைத்தே மூன்று வாரம் ஓடிவிட்டது.

எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே உறைத்தது. இந்த நாலைந்து மாதத்தில் பார்த்ததில் மனதில் நின்ற படங்கள் எல்லாமே வீட்டைப் பற்றியதாகத்தான் இருக்கின்றன. நான் தேடிப்போகவில்லை. நீ அங்கே வீடு கட்டுகிறாய், நான் இங்கே வாடகை வீட்டில் இருக்கிறேன், அதனால் அந்தப் படங்கள்தான் என் கண்ணில் படுகின்றனவோ என்னவோ.

முதலில் '3 பிஎச்கே'. 2025 ஜூலையில் வந்த படம், ஸ்ரீகணேஷ் எடுத்தது. சரத்குமாரும் தேவயானியும் அப்பா அம்மா, சித்தார்த் பையன், மீதா ரகுநாத் பொண்ணு. ஒரு சொந்த வீடு வாங்கணும், அவ்வளவுதான் கதை. பணம் சேரச் சேர, அதற்கென்றே காத்திருந்த மாதிரி ஒரு செலவு வந்து வாசலில் நிற்கும். காலேஜ் ஃபீஸ், பொண்ணு கல்யாணம், இப்படி வருஷங்கள் ஓடிக்கொண்டே இருக்கும், வாடகை வீடுகள் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாம் பாதியில் கஷ்டத்தைக் கொஞ்சம் அடுக்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது, இன்னொரு அடி விழப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் சரத்குமார் முகத்தைப் பாரு. குரல் உயர்த்தாமல், பையனிடம் நேராகக் கேட்க முடியாமல், கேட்காமலும் இருக்க முடியாமல் ஒரு அப்பா. நம்ம தெருவில் அப்படி எத்தனை அப்பாக்களைப் பார்த்திருக்கிறோம்.

இதே ஜோடியை நாம் 1997ல் 'சூரியவம்சம்' படத்தில் பார்த்தோம், உனக்கு ஞாபகம் இருக்கா? இரண்டாம் ஆட்டம் முடிந்து சைக்கிளில் திரும்பும்போது 'நட்சத்திர ஜன்னலில்' பாட்டை நீ வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தாய். அந்த ஒரே பாட்டுக்குள் அவர்கள் முன்னுக்கு வந்துவிடுவார்கள், பஸ் ஓடும், படத்தில் தேவயானி கலெக்டரே ஆகிவிடுவார். பத்தொன்பது வயதில் நாமும் அதை முழுசாக நம்பினோம். படித்து முடித்தால் போதும், மிச்சமெல்லாம் ஒரு பாட்டில் நடந்துவிடும் என்றுதான் நானும் இருந்தேன். இருபத்தெட்டு வருஷம் கழித்து அதே இரண்டு பேர் வாடகை வீட்டில் உட்கார்ந்து வரவு செலவுக் கணக்குப் போடுவதைப் பார்க்கும்போது, படத்தில் இல்லாத ஒரு துக்கமும் சேர்ந்து வந்து தொண்டையை அடைத்தது. முடிவு சொல்லவில்லை, நீயே பார்.

அப்புறம் 'பார்க்கிங்'. 2023 படம், நான்தான் தாமதமாகப் பார்த்தேன், அதுவும் தேசிய விருது அறிவித்த பிறகு. மாடியில் ஹரீஷ் கல்யாண், கீழே எம்.எஸ்.பாஸ்கர், இரண்டு பேரும் குடித்தனக்காரர்கள். கார் நிறுத்தும் இடத்துக்குச் சண்டை. அந்த இடம் இரண்டு பேருக்குமே சொந்தம் இல்லை மாப்ளே, அதுதான் அந்தப் படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது. நாளைக்குக் காலி பண்ணச் சொன்னால் இரண்டு பேருமே மூட்டை கட்ட வேண்டியதுதான், ஆனால் ஒருத்தரை ஒருத்தர் அழிக்கும் அளவுக்குப் போகிறார்கள். கடைசியில் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. பாஸ்கருக்காக மட்டுமே பார்க்கலாம். இத்தனை வருஷம் நகைச்சுவைக்கு என்று ஓரமாக நிறுத்தி வைத்திருந்த மனுஷன் நடுவில் வந்து நின்றால் என்ன ஆகும் என்று பார். துணை நடிகர் விருதை அவருக்குக் கொடுத்தது எனக்கு அத்தனை சந்தோஷம்.

'டூரிஸ்ட் ஃபேமிலி' பற்றி நீ போனில் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லோரும் நல்லவர்களாக இருக்கிறார்கள், இப்படி ஒரு தெரு எங்கே இருக்கிறது என்றாய். சரி, இல்லைதான். ஆனால் ஒன்றை யோசி. பிழைக்க வழியில்லாமல் இலங்கையிலிருந்து படகேறி ராமேஸ்வரம் வந்து இறங்கும் ஒரு தமிழ்க் குடும்பம், சென்னையில் வாடகைக்கு ஒரு வீடு கிடைக்க வேண்டும் என்றால் முதலில் தன் பேச்சை மறைக்க வேண்டியிருக்கிறது. தமிழ் பேசும் ஊரில் தமிழை மறைக்கணும். சசிகுமார் வாயைத் திறக்கும் முன்னால் ஒரு நொடி தயங்குவார் பார், அந்தத் தயக்கத்தில் இருக்கிறது மொத்தப் படமும். அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம். அந்த வயசான அம்மா இறந்துபோகிற கட்டம் வரும்போது என் பக்கத்து சீட்டில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் துடைக்கவில்லை, ஏனென்றால் எனக்குத் திரையே தெரியவில்லை.

இப்போது நான் எழுத நினைத்த படத்துக்கு வருகிறேன். பாலு மகேந்திராவின் 'வீடு', 1988. நாம் சின்ன வயதில் தூர்தர்ஷனில் பார்த்தபோது பாட்டு இல்லை, சண்டை இல்லை என்று பாதியில் எழுந்து விளையாடப் போய்விட்டோம். போன மாதம் ஒரு ராத்திரி, எல்லோரும் தூங்கின பிறகு, யூடியூபில் மங்கலான ஒரு பிரதியில் முழுசாகப் பார்த்தேன். நெகட்டிவே இப்போது இல்லை என்று பாலு மகேந்திராவே பல இடங்களில் வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். நம் படங்களைப் பாதுகாக்க ஒரு ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். தேசிய விருது வாங்கின படத்துக்கு இந்தக் கதி. எனக்கு அதை நினைத்தால் இப்பவும் ஆறவில்லை.

அர்ச்சனா ஆபீஸ் வேலைக்குப் போகிற பெண், கூட ஒரு தங்கை, பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற தாத்தா. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார். வீடு தேடி அலைந்து அலைந்து, கடைசியில் நாமே கட்டிவிடலாம் என்று இறங்குகிறார்கள். தாத்தாவுக்கு இருக்கிற இரண்டு மனையில் ஒன்றை விற்று, கடன் வாங்கி, பிளான் பாஸ் பண்ண லஞ்சம் கொடுத்து, ஒவ்வொரு அடியும் நீ பட்டது, படுவது. சிமெண்ட்டைக் காண்ட்ராக்டர் வெளியே விற்கிறான், அதைக் காட்டிக்கொடுப்பது அங்கே கல் மண் சுமக்கிற சித்தாள் மங்கம்மா. 'பசி' சத்யா அந்த வேடத்தில் வாழ்ந்திருக்கிறார். படித்தவர்கள் வாய்பேசாமல் நிற்கும் இடத்தில் அந்த அம்மா ஒருத்திதான் ஆளை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கிறாள். நீயும் மூட்டைக் கணக்கை மேஸ்திரியிடம் மட்டும் கேட்காதே, வேலை செய்கிறவர்களிடமும் பேச்சு வைத்துக்கொள்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தத் தாத்தா, ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கிளம்பிப்போய்ப் பாதி கட்டின வீட்டைப் பார்க்கிறார். வசனமே இல்லை. ஒவ்வொரு அறையாக நடக்கிறார், சுவரைத் தடவிப் பார்க்கிறார். பூசாத சுவர் மாப்ளே, செங்கல்லும் இடையில் பிதுங்கின கலவையும் அப்படியே தெரிகிற சுவர். அதை ஒரு குழந்தையின் கன்னத்தைத் தடவுகிற மாதிரி தடவுகிறார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' என்று தனியாக ஒரு இசைத்தொகுப்பு போட்டாரே, அதிலிருந்துதான் படத்துக்கு இசை எடுத்திருக்கிறார்கள். நான் படத்தை அங்கே நிறுத்தி, திரும்ப ஓட்டி, மூன்று தடவை பார்த்தேன். அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடப் படுக்காமல் தாத்தா போய்விடுகிறார். அப்புறம் குடிநீர் வாரியத்திலிருந்து ஆள் வந்து, இது நாங்கள் எடுத்துக்கொண்ட நிலம் என்று சொல்வதும், அந்தப் பெண் வழக்கு என்று கிளம்புவதும் எல்லாம் வருகிறது. என் மனசு அந்தச் சுவரை விட்டு வரவில்லை.

பாலு மகேந்திரா பிறந்தது மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழி. அவர் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டில் வீடு கட்டினார்களாம், அந்த வேலை ஆரம்பித்ததும் அம்மா மாறிப்போனார், சிரிப்பு போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். அதுதான் இந்தப் படத்துக்கு விதை. இதைப் படித்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. போன தடவை போனில் பேசும்போது நீ கம்பி விலை, எம்-சாண்ட் விலை, பேங்க் மேனேஜர் தவிர வேறு எதுவும் பேசவில்லை. சின்னவள் பத்தாவதில் எவ்வளவு எடுத்தாள் என்று நானாகக் கேட்டுத்தான் சொன்னாய்.

என் அப்பா விஷயம் உனக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷ சர்வீஸ், ஏழு வாடகை வீடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் போனபோது படத்தை ஃபிரேம் போட்டுக் கொண்டுவந்தேன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் குடிவந்த அன்றைக்கே சொல்லியிருந்தார், தினசரி காலண்டரையே ஜன்னல் கம்பியில்தான் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அதனால் அப்பா பீரோ மேல் சாய்ந்தபடி இருக்கிறார். மாலை நழுவி நழுவி ஒரு பக்கமாக வந்துவிடும், அம்மா தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறிச் சரி செய்கிறாள். எழுபத்திரண்டு வயசில் ஸ்டூலில் ஏறாதே என்றால் கேட்பதில்லை.

உன் அப்பாவைத் தங்கச்சி வீட்டில் விட்டிருக்கிறாய். சைட்டெல்லாம் ஜல்லியும் கம்பியுமாகக் கிடக்கிறது, தடுக்கி விழுந்துவிடுவார், கிரகப்பிரவேசத்துக்குக் கூட்டி வந்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் மாப்ளே, அதுவரை வைக்காதே. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு ஆட்டோ வைத்துக் கூட்டி வா. நடக்கிற வழியில் மட்டும் ஜல்லியை ஒதுக்கி, இரண்டு பலகை போட்டுக்கொடு. ஹால் வரப்போகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உட்காரவை. இது சமையல்கட்டு, இது உன் ரூம் என்று நீ சொல்ல வேண்டாம், அவரே கேட்பார். மில்லில் வேலை பார்த்த காலத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எழுதிப் போட்டுக் கிடைக்காமல் போனதைப் பற்றி நமக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். அவர் எழுந்து சுவர் பக்கம் போனால் தடுக்காதே, கையைப் பிடித்துக்கொள், போதும்.

இந்த நாலில் முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், 'வீடு' படத்தை இப்போது பார்க்காதே. கட்டி முடித்த பிறகு நான் அங்கே வரும்போது சேர்ந்து பார்ப்போம். ராத்திரிக் காவலுக்கு 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை இன்னொரு தடவை போட்டுப் பார், அன்றைக்கு நீ பாதித் தூக்கத்தில் பார்த்திருப்பாய் என்றுதான் நான் இன்னமும் நம்புகிறேன்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டேன், டிக்கெட்டும் போட்டாச்சு. முடிந்தால் அதுவரை ஹால் சுவரை மட்டும் பூசச் சொல்லாதே, நானும் ஒருதரம் தொட்டுப் பார்க்கணும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். தங்கச்சிக்கும் போன் போட்டுச் சொல்லிவிடு, அப்பாவைக் கிளப்பி வைக்கட்டும்.

உன்
மாப்ளே