24 கண்ணிக்கு அப்பால்

அன்பு மகனுக்கு,

ஓட்டை போட்ட அட்டையைப் படித்துப் பின்னும் பஞ்ச்கார்டு பின்னல் எந்திரத்திலிருந்து எலக்ட்ரானிக்குக்கு மாறலாமா என்று கேட்டிருந்தாய். போனில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கு. ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்பது உனக்குத் தெளிவாக இருக்கட்டும். அந்த எந்திரம் கூடுதலாகச் செய்யப்போவது ஒரே ஒரு வேலைதான். எந்த ஊசி முன்னால் வர வேண்டும், எது அப்படியே நிற்க வேண்டும் என்பதைக் கார்டுக்குப் பதிலாக அது முடிவு செய்யும். நூலின் டென்ஷன், எடை தொங்கவிடுவது, ஓரக் கண்ணி, நழுவின கண்ணியைப் பிடித்து ஏற்றுவது எல்லாம் இப்போதுபோலவே உன் கையில்தான் இருக்கும்.

நீ அனுப்பிய போர்வைப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பறவைகள் அழகாக வந்திருக்கின்றன. ஆனால் எல்லாப் பறவையும் ஒரே பறவை. ஒரே பக்கம் பார்க்கிறது, ஒரே மாதிரி இறக்கையை விரித்திருக்கிறது. உன் நோட்டில் நீ வரைந்திருந்தது அப்படி இல்லையே. அதில் ஒன்று தாழப் பறந்தது, ஒன்று திரும்பிப் பார்த்தது, இரண்டு சேர்ந்து போயின. அவற்றையெல்லாம் வெட்டி, ஒடுக்கி, கார்டின் அகலமான 24 கண்ணிக்குள் ஒரே பறவையாக அடக்கியிருக்கிறாய். அதைப் பார்த்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. உன் கை வரைவதை எந்திரம் தடுக்கிறது என்றால் எந்திரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

24 என்ற எண்ணை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் வகுபடும். அதனால் சின்னச் சின்ன டிசைன்கள் எத்தனையோ அதில் ஒழுங்காகப் பொருந்திவிடும். ஆனால் 5 கண்ணிக்கு ஒரு தரம் திரும்பும் டிசைன் வராது, 7 வராது, 10 வராது. ஊசிகள் வரிசையாக நிற்கும் பெட்டில் (bed) இருப்பது 200 ஊசி. முழு அகலத்துக்குப் பின்னினால் 8 முறை டிசைன் முழுதாக வரும், மிச்சம் 8 ஊசியில் பாதியில் நிற்கும். அந்த மிச்சத்தை இரண்டு ஓரத்துக்கும் எப்படிப் பங்கு போடுவது என்று நீ மண்டையை உடைத்துக்கொண்டது எனக்குத் தெரியும்.

அட்டையில் ஓட்டை போட்டு எந்திரத்துக்குச் சொல்லித்தரும் இந்த வழி பழசு. 1804இல் ஜக்கார்ட் என்பவர் நெசவுத் தறிக்குச் செய்தது அதுதான். அவருக்கு முன்னாலேயே, 1725இல், பூஷோன் என்பவர் ஓட்டை போட்ட காகிதச் சுருளை வைத்து முயன்றிருக்கிறார். உன் எந்திரம் அந்த வம்சத்தில் வந்தது. அதனால் அதை மட்டமாக நினைக்காதே.

இப்போது எலக்ட்ரானிக் எந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் பழைய எந்திரத்தை வாங்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும். பிரதர் கம்பெனி எந்திரத்தில் 200 ஊசிக்கும் சேர்த்து, ஊசியைத் தேர்ந்தெடுக்கும் மின்காந்தங்கள், அதாவது சோலனாய்டு, 16தான். நீ கையால் இழுக்கும் கேரியேஜ் நகரும்போது பெல்ட்டும் கூடவே ஓடும். கேரியேஜ் எங்கே இருக்கிறது என்பதை எந்திரம் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சோலனாய்டும் 16 ஊசிக்கு ஒரு ஊசி என்ற கணக்கில் வேலை செய்யும். கேரியேஜுக்கு அடியில் காந்தம் இருக்கிறது. அது ஓரத்தைத் தாண்டினால்தான் வரிசை முடிந்தது என்று எந்திரத்துக்குத் தெரியும். அதனால் பஞ்ச்கார்டு எந்திரத்தின் கேரியேஜை இதில் போட்டுவிட்டு வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதே.

நீ பின்னுவது ஒரே ஒரு மோட்டிஃப் என்றாலும், கேரியேஜைப் பெட்டின் ஓரத்தில் உள்ள 'டர்ன் மார்க்' குறியைத் தாண்டி இழுத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். பஞ்ச்கார்டில் கார்டு நகரும் 'கிளிக்' சத்தத்துக்கு உன் காது பழகியிருக்கும். இதில் அந்தச் சத்தம் இருக்காது. முதல் கொஞ்ச நாள் கை தானாகவே அவசரப்படும். நிதானமாக, ஒரே வேகத்தில் இழு.

ஒரு விஷயம் மட்டும் மாறாது, எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். பிரதரில் அடுத்த வரிசைக்கான ஊசிகள் முன்கூட்டியே 'டி' என்ற முன் நிலைக்கு வந்து நிற்கும். கேரியேஜ் கடந்து போனதும் குனிந்து பார்: பெட்டின் நெடுக சில ஊசிகள் ஒரு விரற்கடை முன்னால் தலை நீட்டிக்கொண்டு, நாக்கு திறந்து நிற்கும். அடுத்த வரிசையின் படத்தை நூல் போடுவதற்கு முன்பே ஊசியில் படித்துவிடலாம். ஒரு ஊசி வராமல் நின்றால் விரலால் தள்ளி விடலாம். சில்வர் ரீட் என்ற இன்னொரு கம்பெனியின் எந்திரத்தில் இது கிடையாது. கேரியேஜ் போகிற போக்கிலேயே தேர்வும் பின்னலும் சேர்ந்து நடந்துவிடும். அதுவும் நல்ல எந்திரம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உன்னைப்போல வரிசைக்கு வரிசை உற்றுப் பார்க்கிறவனுக்குப் பிரதர்தான் ஒத்துவரும்.

மாடலைப் பற்றி. பிரதரின் கே.எச். 910 என்பது மைலார் என்ற பிளாஸ்டிக் தாளைப் படிக்கிற எந்திரம். தாளில் பென்சிலால் கட்டங்களை அடைத்தால் அதை ஒளியால் படித்துக்கொள்ளும். தாளின் அகலம் 60 கண்ணி, உயரம் 150 வரிசை. 24இலிருந்து 60 பெரிய தாவல்தான், இருந்தாலும் உன் பறவைக் கூட்டத்துக்கு அதுவும் போதாது. கே.எச். 930, 940 மாடல்களில் 555 டிசைன்கள் உள்ளேயே இருக்கும், 200 கண்ணி அகலத்துக்கு நீயே ஒரு டிசைனை ஏற்றவும் முடியும். ஆனால் பட்டனை அழுத்தி ஒவ்வொரு கண்ணியாக ஏற்றுவது பொறுமையைச் சோதிக்கும். அந்தக் காலத்தில் அதற்கென்று ஒரு ஃப்ளாப்பி டிரைவ், எஃப்.பி. 100, விற்றார்கள். இப்போது கம்ப்யூட்டரையே அந்த டிரைவ் என்று எந்திரத்தை நம்பவைத்து, கேபிள் வழியாகப் படத்தை அனுப்பும் மென்பொருள்கள் இருக்கின்றன. இமேஜ் டு டிராக் என்பது அதில் ஒன்று.

இன்னொரு வழி அயாப் என்ற மின்பலகையும் அதன் மென்பொருளும். எந்திரத்தின் பழைய மூளையைக் கழற்றிவிட்டு, ஆர்டுயினோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகை ஒன்றை அந்த இடத்தில் வைப்பார்கள். அப்புறம் 910கூட 200 ஊசி அகலத்துக்குப் பின்னும், மைலார் தாளே வேண்டாம். உனக்கு எலக்ட்ரானிக்ஸில் கை உண்டு, அதனால் மூளை செத்துப்போன 910 ஒன்று கிடைத்தாலும் ஒதுக்கிவிடாதே. சோலனாய்டும் பெல்ட்டும் சென்சாரும் நன்றாக இருந்தால் மீதியை இப்படிச் சரி செய்துவிடலாம். பிரதர் பின்னல் எந்திரம் செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் கிடைப்பதெல்லாம் யாரோ பயன்படுத்தியதுதான் என்பதால் இந்த மாதிரி வழிகள் இருப்பது பெரிய ஆறுதல்.

போய்ப் பார்க்கும்போது முதலில் பின்பக்கத் தகட்டைப் படி. 110 வோல்ட்டா, 230 வோல்ட்டா? 110 எந்திரத்தை 230இல் நேராகச் சொருகினால் அதோடு முடிந்தது. இவ்வளவு வயதான எந்திரத்தில் கெபாசிட்டர்கள் தளர்ந்திருக்கும், அதனால் ஆன் செய்துவிட்டுப் பக்கத்திலேயே நில், கருகல் வாசனை வந்தால் உடனே அணைத்துவிடு. பெல்ட்டைச் சுற்றிலும் பார், விரிசல் இருக்கக் கூடாது. ஊசிகளை அழுத்திப் பிடிக்கிற ஸ்பாஞ்ச் பாரை உருவிப் பார். அது அமுங்கித் தட்டையாகியிருக்கும், அதற்காகப் பயப்படாதே. உன் பழைய எந்திரத்துக்கு மாற்றிய மாதிரியே இதற்கும் மாற்றிவிடலாம். ஆனால் மாற்றுகிற வரைக்கும் அந்த எந்திரத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதே.

அப்புறம் நூல் போடாமல், ஒன்று விட்டு ஒன்று என்று ஊசி தேர்வாகும் டிசைனை வைத்துக் கேரியேஜை இழு. தவறு எந்த இடைவெளியில் வருகிறது என்று எண்ணு. சரியாக 16 ஊசிக்கு ஒரு தரம் அதே தவறு வந்தால் ஒரு சோலனாய்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இல்லை செத்துவிட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் ஸ்பாஞ்ச் பாரோ காய்ந்த எண்ணெய்யோ காரணமாக இருக்கும். பஞ்ச்கார்டில் ஓட்டையைப் படிக்கிற விரல் போன்ற பாகம் ஒன்று சிக்கினால் 24 ஊசிக்கு ஒரு தரம் காட்டிக்கொடுக்குமே, அதே கணக்குதான்.

சரி, எந்திரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள். இப்போது உன் பறவைகள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

24 கண்ணியில் ஒரு நன்மை இருந்தது. டிசைன் சின்னது என்பதால் ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் இடையே நூல் ரொம்பத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. 200 கண்ணிக்கு நீ வானத்தை விரித்து, நடுவில் நாலு பறவையைப் பறக்கவிட்டால், ஒரு இறக்கையிலிருந்து அடுத்த இறக்கை வரை பறவையின் நூல் போர்வைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டே போகும். விரல் மாட்டும், கால் கட்டைவிரல் மாட்டும். போர்வை ஒரு பக்கம் சுருங்கும். அகலம் கிடைத்தவுடன் எல்லோருக்கும் வருகிற தொல்லை இதுதான், எந்திரம் உனக்கு இதைச் சொல்லாது.

எனக்குத் தெரிந்து மூன்று வழி உண்டு. வானத்தில் நட்சத்திரம் மாதிரி ஒற்றைக் கண்ணிகளைத் தெளித்துவிடலாம், ஐந்தாறு கண்ணிக்கு மேல் நூல் தொங்காத மாதிரி. உன் படத்துக்கு அது அழகாகவும் இருக்கும் என்று தோன்றுகிறது. இல்லையென்றால் சில வரிசைக்கு ஒரு தரம் தொங்கும் நூலைத் தூக்கி அருகில் உள்ள ஊசியில் மாட்டிவிடலாம். கைவேலை கூடும், ஆனால் முன்பக்கம் படம் நீ வரைந்தபடியே இருக்கும். மூன்றாவது, ரிப்பரை, அதாவது இரண்டாவது ஊசி பெட்டைப் பூட்டி, இரட்டை பெட்டில் ஜக்கார்ட் என்ற பலநிறப் பின்னலைப் பின்னுவது. பின்பக்கமும் துணியாகவே வந்துவிடும், நூலே தொங்காது. போர்வை கனமாகும், போர்வைதானே, கனம் நல்லதுதான். பஞ்ச்கார்டில் இதற்கு ஒவ்வொரு வரிசையையும் நிறம் நிறமாகப் பிரித்துத் தனித்தனியாக ஓட்டை போட வேண்டும், கார்டு நீண்டுகொண்டே போகும். அயாப் அந்தப் பிரிப்பைத் தானே செய்துவிடும். என்னைக் கேட்டால் உன் போர்வைக்கு மூன்றாவது வழிதான். உன் ரிப்பர் எந்த மாடல் என்று பார். கே.ஆர். 850 என்றால் புது எந்திரத்திலும் பூட்டலாம், வேறு வாங்க வேண்டாம்.

இன்னொன்று, கண்ணி சதுரம் இல்லை. அகலம் கூட, உயரம் குறைவு. உன் மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 30 கண்ணி, 40 வரிசை வந்தால், கம்ப்யூட்டரில் ஒரு புள்ளிக்கு ஒரு கண்ணி என்று வைத்த பறவை துணியில் அமுங்கிப்போய்க் குட்டையாக நிற்கும். படத்தை உயரத்தில் 100க்கு 133 என்று நீட்டிவிட்டு அப்புறம் அனுப்பு. அதே கணக்கில் 200 கண்ணிக்கு அகலம் ஏறக்குறைய 67 செ.மீ.தான் வரும். போர்வை என்றால் மூன்று பட்டையாகப் பின்னி இணைக்க வேண்டும். இணைப்பில் இறக்கை வெட்டுப்படாமல் பறவைகளை இப்போதே நகர்த்தி வை. மாதிரித் துண்டை எந்த வழியில் பின்னப்போகிறாயோ அதே வழியில் பின்னு. ஒற்றை பெட்டில் அளந்துவிட்டு இரட்டை பெட்டில் பின்னினால் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

பின்னும்போது கரண்ட் போனால் என்ன செய்வது என்று அப்பா கேட்டார். வரிசை எண்ணும் கவுண்டர் கேரியேஜ் தட்டினால் நகர்வது, அதற்கு மின்சாரம் வேண்டாம். பத்து வரிசைக்கு ஒரு தரம் எண்ணைத் தாளில் குறித்து வை. மென்பொருளில் எந்த வரிசையிலிருந்து தொடங்க வேண்டும் என்று கொடுக்க இடம் இருக்கிறது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பஞ்ச்கார்டு எந்திரத்தை மட்டும் விற்றுவிடாதே. டக், ஸ்லிப் பின்னல்கள், இரண்டு நிறத்தில் சின்ன ஃபேர் ஐல் வேலைக்கெல்லாம் இன்றைக்கும் நான் அதைத்தான் முதலில் திறப்பேன். கார்டைச் சொருகினால் அடுத்த நிமிஷம் பின்னலாம், எதையும் ஆன் செய்து காத்திருக்க வேண்டியதில்லை. இடம் இல்லை என்றால் பெட்டியில் போட்டு இங்கே அனுப்பிவை, நான் வைத்துக்கொள்கிறேன். கார்டுகளையும் சேர்த்து அனுப்பு. நீயே ஓட்டை போட்டவற்றை மடக்காமல், தட்டையாக வைத்துக் கட்டு.

பார்க்கப் போகிற எந்திரத்தின் மாடல் எண்ணையும், பின்பக்கத் தகட்டின் போட்டோவையும் பணம் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. நோட்டில் வரைந்திருந்த பறவைப் பக்கங்களையும் அனுப்பு. திரும்பிப் பார்க்கிற அந்த ஒன்றை எந்தப் பட்டையில் வைக்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
அம்மா