எங்கள் பிள்ளைகளுக்கும் ஆறு மணிக்கு மைதானம் வேண்டும்: நோர்வே உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் லீசே கிளாவெனெஸ் அவர்களுக்கும் சம்மேளன நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் வசிக்கும் ஒரு தமிழ்த் தாய் எழுதுகிறேன். என் மகளுக்கு 13 வயது. நடுக்களத்தில் ஆடுகிறாள். போன ஜனவரியில் அவளுடைய அணிக்குக் கிடைத்த பயிற்சி நேரம் செவ்வாய் இரவு எட்டரை மணி. அதுவும் பாதி மைதானம்தான். அந்தப் பாதியின் ஒரு மூலையில், வழித்து ஒதுக்கிய பனி என் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. மிச்ச இடத்தில் பதினெட்டுப் பிள்ளைகள் பந்து உருட்டினார்கள்.

அதே கழகத்தில், அதே வயதுப் பையன்களுக்கு ஆறு மணிக்கு முழு மைதானம். அவர்களுக்குச் சம்பளம் வாங்கும் பயிற்றுநர் இருக்கிறார். எங்கள் பயிற்றுநர் ஒரு பிள்ளையின் அப்பா. வேலை முடிந்து சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஓடி வருகிற நல்ல மனிதர். ஆனால் அவரைக் கழகம் ஒரு பயிற்சி வகுப்புக்காவது அனுப்பியதில்லை. பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து மகள் சப்பாத்தைக் கழற்றினால் வாசலெல்லாம் செயற்கைப்புல்லின் கறுப்பு றப்பர் மணிகள். நாளைக்குப் பள்ளிக்கூடம் என்று அவளைப் படுக்க அனுப்பிவிட்டு நான் கூட்டுவேன்.

ஏன் இப்படி என்று கழகத்தில் கேட்டேன். பையன்கள் மேல்பிரிவில் ஆடுகிறார்கள், அதனால் அவர்களுக்கு முன்னுரிமை என்றார்கள். நல்ல நேரமும் நல்ல பயிற்றுநரும் கிடைத்ததால்தானே அவர்கள் மேல்பிரிவுக்குப் போனார்கள்?

நான் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பையன்களுக்கு உதைபந்து, எங்களுக்கு வலைப்பந்து. யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் நோர்வே வேறு நாடு என்று நம்பித்தான் மகளின் கையைப் பிடித்து மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். அந்த நம்பிக்கைக்குக் காரணம் உங்கள் வரலாறுதான். 1972இல் ஒஸ்லோவின் ஏக்கபெர்க் திடலில் நோர்வே கப் என்ற இளையோர் உதைபந்துப் போட்டி தொடங்கியபோதே பெண் பிள்ளைகளும் ஆடினார்கள். தேசிய மகளிர் அணி 1978இல் முதல் ஆட்டம் ஆடியது. 1986இல் மெக்சிக்கோவில் நடந்த பீபா மாநாட்டில், பெண்களுக்கும் உலகக் கிண்ணம் வேண்டும் என்று எழுந்து பேசியவர் உங்கள் பிரதிநிதி எல்லன் வில்லே. மேடையில் இருந்த ஆண்களுக்கு முன்னால் அன்று அவர் பேசியதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிரும். அடுத்த ஆண்டே ஐரோப்பியக் கிண்ணம், 1995இல் ஜேர்மனியை 2–0 என வென்று உலகக் கிண்ணம், 2000இல் சிட்னியில் அமெரிக்காவை வென்று ஒலிம்பிக் தங்கம். இந்த மூன்றையும் வென்ற முதல் மகளிர் அணி நோர்வே.

பிறகு வந்த ஆண்டுகளை நீங்களே அறிவீர்கள். 2017 ஐரோப்பியக் கிண்ணத்தில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. 2022இல் பிரைட்டனில் இங்கிலாந்திடம் 8–0. 2008க்குப் பிறகு நடந்த நான்கு ஒலிம்பிக்குக்கும் நாங்கள் தகுதி பெறவில்லை. எட்டரை மணிப் பயிற்சிதான் இதற்கெல்லாம் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தும் ஸ்பெயினும் மகளிர் ஆட்டத்தில் பணத்தையும் ஆட்களையும் இறக்கி எங்களைத் தாண்டிப் போய்விட்டன. கரோலீன கிரஹாம் ஹான்சன் போன்றவர்கள் பார்சிலோனாவுக்குப் போய்த்தான் உலகின் உச்சத்தில் நிற்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு அடுத்து வரவேண்டிய பிள்ளைகள் இங்கே, இந்தப் பாதி மைதானங்களில்தான் இருக்கிறார்கள்.

2017இல் நீங்கள் செய்த ஒரு காரியத்தை உலகமே பாராட்டியது. தேசிய அணிப் பெண்களின் ஊதியத் தொகை 31 இலட்சம் குரோணரிலிருந்து 60 இலட்சமானது. ஆண் வீரர்கள் தங்கள் பங்கில் 550,000 குரோணரை விட்டுக்கொடுத்து அதைச் சமமாக்கினார்கள். அந்தச் செய்தியை நான் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆனால் அதே ஆண்டில்தான் ஆடா ஹெகர்பெர்க் தேசிய அணியை விட்டு விலகினார். காசு அல்ல, மதிப்பும் ஆயத்தமும்தான் தன் பிரச்சினை என்றார். அடுத்த ஆண்டு உலகின் சிறந்த வீராங்கனைக்கான முதல் தங்கப்பந்தை வாங்கியவர் சொன்ன சொல் அது. அவர் 2022இல் திரும்பி வந்துவிட்டார். அவர் சொன்ன குறையோ கீழ்மட்டக் கழகங்களில் அப்படியே இருக்கிறது.

எனவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களிடம் பதிவு பெற்ற ஒவ்வொரு கழகமும் பெண் பிள்ளைகளின் அணிகளுக்கு எத்தனை மணி நேரம், எந்த நேரம், எத்தனை பயிற்சி பெற்ற பயிற்றுநர்கள் கொடுக்கிறது, பையன்களுக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதை ஆண்டுதோறும் எழுதித் தரவேண்டும் என்று விதி செய்யுங்கள். அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். சமமாக இல்லாத கழகத்துக்கு உங்கள் உதவிப் பணத்தைக் குறையுங்கள். தேசிய அணியின் கணக்கைச் சமமாக்கிய உங்களுக்கு இது முடியாத வேலை அல்ல.

காசில்லை என்று கழகங்கள் சொல்லும். கழகத்துக்காக டுக்னாட்டில், அதாவது சம்பளமில்லாமல் எல்லோரும் சேர்ந்து செய்யும் பொதுவேலையில், எங்கள் பிள்ளைகள் வீடு வீடாக டொய்லட் பேப்பர் விற்கிறார்கள். போன தடவை எங்கள் நிலவறையில் நாற்பது பொதி கிடந்தது. மகளும் நானும் மூன்று சனிக்கிழமை படியேறி இறங்கி விற்று முடித்தோம். பையன்கள் விற்ற காசும் நாங்கள் விற்ற காசும் ஒரே கணக்கில்தான் போகிறது.

குளிர்கால நேர அட்டவணையைக் கழகங்கள் இலையுதிர் காலத்தில் போட்டுவிடும். அதற்கு முன் உங்கள் முடிவு வரவேண்டும்.

அன்புடன்,
ஒரு வீராங்கனையின் தாய்
ஒஸ்லோ