செலக்‌ஷனில் பெயர் வராத பையனின் அப்பாவுக்கு

அன்புள்ள அண்ணா,

மாவட்ட அண்டர்-14 கூடைப்பந்து அணியில் தம்பிக்கு இடம் கிடைக்கவில்லை, அகாடமியை மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அண்ணா, இப்போது மாற்றாதீர்கள்.

அவன் நவம்பரில் பிறந்தவன். வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்காவதால், ஜனவரியில் பிறந்த பையன் இவனைவிடப் பத்து மாதம் மூத்தவனாக இருந்தும் அதே பிரிவில்தான் ஆடுகிறான். போதாததற்கு, ஆண் பிள்ளைகள் மளமளவென்று உயரும் காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி வரும். சிலருக்கு 12-லேயே வந்துவிடும், சிலருக்கு 16 வரை இழுக்கும். செலக்‌ஷனில் ரீபவுண்டை (ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தை) எல்லாம் பறித்த பையன் முந்தி வளர்ந்தவன். அந்த வித்தியாசத்தை எந்த கோச்சாலும் நிரப்ப முடியாது, காலம்தான் நிரப்ப வேண்டும்.

நீங்கள் அனுப்பிய வீடியோவில் எனக்குக் கவலை தந்தது வேறு. மூன்று புள்ளி தரும் த்ரீ பாயின்ட் கோட்டிலிருந்து, அதாவது 6.75 மீட்டரிலிருந்து, ஆண்கள் ஆடும் முழு அளவு 7-ஆம் எண் பந்தை எறிகிறான். பலம் போதாததால் பந்து இடுப்புவரை இறங்குகிறது, தோள் திரும்புகிறது, இடது கட்டை விரலும் சேர்ந்து தள்ளுகிறது. பத்தில் இரண்டு விழுந்துவிடுவதால் அதுவே பழகிப்போகும். 17 வயதில் உயரமான டிஃபென்டர் எதிரே நின்றால், இடுப்பிலிருந்து கிளம்பும் அந்த ஷாட்டைத் தடுப்பது அவனுக்குச் சுலபம்.

மூன்று மாதம் பயிற்சிக்கு 6-ஆம் எண் பந்து கொடுங்கள். எடை சுமார் 70 கிராம் குறையும், சுற்றளவும் 4 செ.மீ. அளவுக்குக் குறைவு. ரிங்குக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் நின்று ஒற்றைக் கையால் போடட்டும்: முழங்கை பந்துக்கு நேர் கீழே, விட்ட பிறகு மணிக்கட்டு மடிந்து, பந்து ரிங்கைத் தொடும்வரை கை மேலேயே. பத்தில் ஏழு சுத்தமாக விழுந்தால் ஒரு அடி பின்னால். தோள் திரும்பினால், பந்து விழுந்திருந்தாலும், ஒரு அடி முன்னால். முதல் சில வாரம் ஸ்கோர் இப்போதையதைவிட மோசமாகத்தான் இருக்கும். பழைய அசைவு போய்விட்டிருக்கும், புதியது இன்னும் கைக்கு வந்திருக்காது. பெரும்பாலான பெற்றோர் பொறுமை இழப்பதும், கோச்சை மாற்றுவதும் சரியாக இந்த இடத்தில்தான்.

பொசிஷனையும், அதாவது அணியில் எந்த இடத்தில் ஆடுவது என்பதையும், இப்போதே முடிவு கட்டாதீர்கள். அமெரிக்க வீரர் ஆன்டனி டேவிஸ் பள்ளியில் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுவந்து பாஸ் கொடுப்பவராக, ஆடிக்கொண்டிருந்தவர். உயர்நிலைப் பள்ளி முடிவதற்குள் சுமார் 20 செ.மீ. உயர்ந்தார், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் 2012 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) முதல் தேர்வானார். கார்டாகக் கற்ற டிரிபிளும் (பந்தைத் தரையில் தட்டியபடி நகர்வது) பாஸும் உயரம் வந்த பிறகும் அவரிடமே இருந்தன. குட்டையான பையன் போஸ்ட் மூவ் (ரிங்குக்கு அருகில் முதுகு காட்டி ஆடும் அசைவு) கற்கட்டும், நெட்டையான பையன் பந்தைக் கொண்டுவரட்டும்.

செலக்‌ஷன் போய்விட்டதே என்று காலையும் மாலையும் பயிற்சி போடுவது ஆபத்து. என்பிஏவும் அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பான யுஎஸ்ஏ பாஸ்கெட்பாலும் 2016-ல் தந்த வழிகாட்டுதலில் 12 முதல் 14 வயதுக்கு வாரத்தில் அதிகபட்சம் 10 மணி நேரம், ஒரு நாளாவது ஓய்வு என்றிருக்கிறது. 14 வயதுக்கு முன் இந்த ஒரே விளையாட்டில் அடைக்கவும் வேண்டாம் என்கிறது. கால்பந்தோ நீச்சலோ ஆசைப்பட்டால் விடுங்கள்.

கோச்சிடம் “ஏன் எடுக்கவில்லை” என்று கேட்காதீர்கள். “அடுத்த மூன்று மாதத்தில் எந்த இரண்டு விஷயத்தைச் சரிசெய்ய வேண்டும்” என்று கேளுங்கள். மேட்ச் முடிந்து வண்டியில் வரும்போது ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை, காலையில், குதிகாலைச் சுவரில் ஒட்டி நிற்கவைத்து உயரம் குறித்து வையுங்கள். ஒரே மாதத்தில் ஒரு செ.மீ.க்கு மேல் கூடினால், லே-அப்பில் (ஓடிவந்து ரிங்கருகே போடும் ஷாட்டில்) காலடி தப்பும், ஷாட் தூரம் மாறும். கை கால் நீளம் மாறியதால் வரும் தடுமாற்றம் அது, கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். அந்தச் சமயத்தில் முழங்கால் சிப்பிக்குக் கீழே இருக்கும் எலும்பு மேட்டில் வலி என்றால், தொடைத் தசை இழுத்து வளரும் எலும்பு நோகிறது என்று அர்த்தம். சிமென்ட் கோர்ட்டில் குதித்தால் இன்னும் கூடும். குதிப்பதை நிறுத்தி, நின்றபடி ஷூட்டிங்கும் இடது கை டிரிபிளும் தொடரலாம். பயிற்சிக்குப் பின் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். நொண்டினாலோ, இரவில் வலித்து எழுந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

முதல் மாத அளவு எடுத்ததும் எழுதுங்கள்.

அன்புடன்