லண்டனில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன் செய்தால் "வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. சரி, அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா நன்றாக இருக்கிறாள். தோட்டத்து வேலி காற்றில் சாய்ந்துவிட்டது, அப்பா பார்த்துக்கொள்கிறார். வேறு விசேஷம் இல்லை.

கிடார் வாசிக்கிற ஹாங்க் மார்வின் கதையை அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நீ. நம் ஊர் நியூகாசில் பையன், 1958-ல் 16 வயதில் சிநேகிதன் புரூஸ் வெல்ச்சோடு லண்டனுக்குப் போனார், சோஹோவில் டூ ஐஸ் காபிக் கடையில் வாசித்தார், பாடகர் கிளிஃப் ரிச்சர்டின் பின்னணிக் குழுவில் சேர்ந்தார். இதெல்லாம் நீ எனக்கே பாடம் எடுப்பாய். ஆனால் ஒன்றை மட்டும் எப்போதும் விட்டுவிடுவாய். அந்தச் சிவப்பு ஸ்ட்ராடோகாஸ்டர் கிடாரை அவர் தன் காசில் வாங்கவில்லை. 1959-ல் அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது கிளிஃப். ஹாங்க் வாசிப்பில் கேட்கிற எதிரொலிக்கான பெட்டி இன்னொரு கிடார்காரர் ஜோ பிரவுனிடமிருந்து கைமாறி வந்தது. அதற்கெல்லாம் முன்னால், 16-வது பிறந்தநாளுக்கு ஒரு கிடார் வாங்கிக் கொடுத்தது அவருடைய அப்பா. வாங்கிக்கொண்டதில் அவர் மானம் போய்விட்டதா? 1960-ல் அந்தப் பின்னணிக் குழுவே ஷேடோஸ் என்ற பெயரில் வாசித்த 'அப்பாச்சி' பாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தபோது அங்கிருந்து இறங்கியதே கிளிஃபின் பாட்டுத்தான். அதற்குப் பிறகும் பல வருஷம் சேர்ந்தேதான் மேடை ஏறினார்கள்.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் கிடார்காரர் மார்க் நாஃப்ளரும் இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்தானே. ஹாங்க்கைப் பார்த்து ஆசைப்பட்டவருக்கு அவர் அப்பா சிவப்பு ஹோஃப்னர் கிடார் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஆம்ப்ளிஃபயரும் வேண்டும் என்று கேட்க வாய் வராமல், அந்தப் பிள்ளை கிடாரை வீட்டு ரேடியோவில் செருகி, ரேடியோவே போய்விட்டது. அப்பாவிடம் கேட்டிருக்கலாம்.

போன வருஷம் நீ அந்தப் பப்பில் பாடகருக்குப் பின்னால் ஓரமாக நின்று வாசித்தாய். அப்பா உன்னைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை. இதை உன்னிடம் சொல்லமாட்டார். நீயும் ஒரு உதவி கேட்கமாட்டாய். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்.

வாடகை கட்டிவிட்டாயா? அக்கா ஏதோ சொன்னாள், நான் கிளறவில்லை. எதையாவது விற்கிற நிலைமை வந்தால் முதலில் எங்களிடம் சொல். உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன், போன தடவை மாதிரி திருப்பி அனுப்பாதே. ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், போனை எடு.

அம்மா