கேப் டவுன் பயணம்: கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். கேப் டவுன் போனதும் வானம் தெளிவாக இருந்தால் முதல் வேலையே டேபிள் மவுண்டன்தான். காற்று பலமாக அடித்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். கடைசி நாளுக்குத் தள்ளினால் 1,086 மீட்டர் மலையைக் கீழிருந்தே அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அடுத்து போல்டர்ஸ் கடற்கரை. அங்கே பென்குயின்கள் கார் நிறுத்துமிடம் வரை வரும். வண்டியை எடுக்குமுன் அடியில் குனிந்து பாருங்கள். தொட வேண்டாம், நன்றாகக் கொத்தும். கடல் நீர் ஐஸ் போல இருக்கும், நீச்சல் ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள்!

ஒயின் தோட்டங்களில் 1685-இல் தொடங்கிய க்ரூட் கான்ஸ்டான்ஷியா போதும் என்பது என் கருத்து. குடிக்காதவர்களும் தாராளமாக வரலாம். பழைய டச்சு பாணி வீடும் திராட்சை வரிசைகளும் பார்க்கவே அழகு.

வருபவர்கள் ஞாயிறு இரவுக்குள் பெயர் போடுங்கள். ஜாக்கெட் கட்டாயம்.