சீதனக் காணியும் கணவரின் கையெழுத்தும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோண்டாவிலில் எனக்குச் சீதனமாக எழுதிய தோட்டக்காணியை விற்க நொத்தாரிசிடம் போனேன். காணி உறுதிப் பத்திரம் என் பெயரில். தோட்ட வரும்படியும் இத்தனை வருடமாக என் கையில்தான். அவர் உறுதியைப் புரட்டவேயில்லை. "ஐயாவின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா?" என்றார். ஐயா, அதாவது என் கணவர், கனடாவில்.

நொத்தாரிசில் பிழை இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட எங்களுக்கு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தாலிக்கொடியை, அதாவது அசையும் சொத்தை, யாரையும் கேளாமல் விற்கலாம். காணியென்றால் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அதே காணியை மரணசாதனத்தில் (உயிலில்) யாருக்கும் எழுதி வைக்க அவர் சம்மதம் தேவையில்லை! செத்தபின் கொடுக்கலாம், உயிரோடு விற்கக்கூடாது. நல்ல வேடிக்கை. கணவர் தன் முதுசக் காணியை, அதாவது பெற்றோர் வழி வந்த காணியை, விற்க என்னிடம் கையெழுத்துக் கேட்க வேண்டியதுமில்லை.

அவர் காரணமில்லாமல் மறுத்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் நான்கு பரப்புக் காணிக்காக வழக்கறிஞர் செலவும் தவணைகளும் யாரால் முடியும்?

பொதுச் சட்டத்தின் கீழுள்ள மணமான பெண்களுக்கு 1923இலேயே இந்தத் தடை நீங்கிவிட்டது. தேடியதேட்டத்தையும் (மணவாழ்வில் தேடிய சொத்து) முதுச முறையையும் மாற்றச் சொல்லவில்லை, அவை இருக்கட்டும். சம்மதம் கேட்கும் இந்த ஒரு பிரிவை நீக்கும்படி வடக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்கலாமே.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோண்டாவில்.